41 நாள் விட்டவர் 42ஆம் நாள் ஏன் குடிக்கிறார்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சரக்கு வண்டி ஓட்டுகிறார். தோப்புகளில் தேங்காய் ஏற்றிப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோவது தொழில். மாலையில் கள்ளுக்கடையில் தொடங்குவது இரவில் பிராந்தியில் முடிகிறது. சர்க்கரை நோயும் இருக்கிறது. மருத்துவர் மிரட்டிப் பார்த்தார், மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் தன் தலைமேல் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்று இரவே குடித்தார். இந்த வருடமும் மாலை போடப்போகிறேன் என்கிறார். "ஒரு மனிதனை மாற வைப்பது எதுதான் அண்ணா? அவருக்கு மனம் இல்லையா, மனம் இருந்தும் முடியவில்லையா?" இதுதான் கேள்வி.

அம்மணி, இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் "அன்று இரவே குடித்தார்" என்ற இடத்தில்தான் நிற்பார்கள். நான் அதற்கு முந்தைய வரியில் நிற்கிறேன். தினமும் குடிக்கிற ஒருவர் 41 நாள் குடிக்காமல் இருந்திருக்கிறார். யாரும் அவரை அறையில் பூட்டவில்லை, காவல் இருக்கவில்லை. வண்டி அதே ரோட்டில்தான் ஓடியது. கள்ளுக்கடையும் இருந்த இடத்தில்தான் இருந்தது. அவருக்கு மனமும் இருந்தது, முடியவும் செய்தது. அந்த நாட்களில் எவையெல்லாம் சேர்ந்து அவரைத் தாங்கின, மாலை இறங்கியதும் அவற்றில் எவை விலகிப்போயின என்று பாருங்கள். இத்தனை வருடம் எல்லைப் பக்கத்துக் குடும்பங்களோடு குடிநோய் ஆலோசகராகப் பழகியதில், இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

மாலை போடுவது என்று அவரே முடிவெடுத்தார். குருசாமி அவரிடம் "குடியை விடு" என்று சொல்லியிருக்க மாட்டார். "மாலை போட்டால் முறை இன்னின்னது, முடிந்தால் வா" என்றுதான் சொல்லியிருப்பார். கதவு திறந்திருந்தது, உள்ளே வருவதும் வராததும் அவர் விருப்பம். வீட்டில் நாம் இப்படிச் சொல்வதே இல்லை.

அடுத்தது பெயர். கழுத்தில் மாலை ஏறிய நிமிடத்திலிருந்து அவர் "சாமி". நேற்று வரை "அந்தக் குடிகாரன் வண்டியா, வேண்டாம்" என்றவர் இன்று "சாமி, நாளைக்கு நம் தோப்பில் லோடு இருக்கிறது, வர முடியுமா?" என்று கேட்கிறார். பெற்ற தகப்பனே மகனைச் சாமி என்கிறார். நீங்கள் தனியாகச் சமைத்து, முதலில் அவருக்குப் பரிமாறுகிறீர்கள். அதற்கு முந்தின இரவு குடித்துவிட்டு வாசலில் கிடந்தவர்தானே இவர்? ஆனாலும் மரியாதை முதலில் வந்தது; நடத்தை அதன் பின்னால் வந்தது. நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "முதலில் நீ திருந்து, பிறகு மதிக்கிறேன்" என்கிறோம். மதிக்கப்படாத மனிதனுக்குத் திருந்துவதால் காப்பாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

நேரத்தையும் பாருங்கள். விடியுமுன் குளியல், சரணம். சாயங்காலம் மறுபடி குளியல், அதன் பிறகு பஜனை. கள்ளுக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே இரண்டு மணி நேரம் அப்படியே பஜனைக்குப் போய்விட்டது. குடியை நிறுத்தியதால் வெறுமையாகிவிடும் நேரம் என்று ஒன்று அவருக்கு இருக்கவே இல்லை. கூட்டாளிகளிடம் வேண்டாம் என்று சொல்லிப் போராட வேண்டிய தேவையும் இல்லை. கழுத்தைப் பார்த்ததும் அவர்களே கிளாஸை மறைத்தார்கள். மறுப்பதுதான் குடியை விடுகிறவனுக்கு மிகக் கடினமான வேலை. அதை மாலை செய்துகொடுத்தது.

41 நாள் என்ற கணக்கும் உதவியது. ஆயுசுக்கும் விடு என்றால் மலைப்பாக இருக்கும். மண்டலம் முடியும் வரை என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம்.

மாலை கழன்றது. சாமி என்ற பெயர் போனது. பஜனைக் கூட்டம் கலைந்தது. சாயங்காலம் ஆறு மணி மறுபடி காலியானது. கூட்டாளிகள் "இன்றைக்காவது வருவாயா?" என்றார்கள். போதாக்குறைக்கு, இத்தனை நாள் கட்டுப்பாட்டோடு இருந்ததற்கு ஒரு பரிசு வேண்டும் என்று அவர் மனமே சொல்லியிருக்கும். அந்த இரவில் அவரைத் தாங்க ஒன்றுமே மிச்சமில்லை. இதைத்தான் நாம் "மன உறுதி போதவில்லை" என்கிறோம். எனக்கு அந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல்லாண்டு ஆய்வுகளைத் திரட்டி 1985இல் ஒரு நூலாக்கினார்கள். மனிதன் ஒன்றை மனமுவந்து செய்ய வேண்டுமானால் மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு: இது என் சொந்த முடிவு என்ற உணர்வு, என்னால் இது ஆகும் என்ற நம்பிக்கை, என்னைத் தங்களில் ஒருவனாக நினைக்கிற மனிதர்கள். மாலை இந்த மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடுகிறது. நீங்களும் மாமனாரும் மருத்துவரும் அக்கறையோடு செய்தவை எல்லாம், வருத்தத்தோடு சொல்கிறேன், இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தன.

திட்டுவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஒருவனுடைய சுதந்திரத்தில் கை வைத்தால், அவன் வேண்டாம் என்று நினைத்திருந்ததைக் கூட வீம்புக்குச் செய்வான் என்று 1966லேயே ஜாக் பிரெம் என்பவர் எழுதினார். குடியில் இதை நேராகவே பார்த்தார்கள். வில்லியம் மில்லரும் அவருடைய குழுவும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மடக்கி வாதம் செய்தாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நபர் ஒரு வருடம் கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசினாலே இப்படி. வீட்டில் கண்ணீரும் கோபமுமாகப் பேசினால் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாதத்தில் நீங்கள் "விட வேண்டும்" என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டால் அவருக்கு மிச்சமிருப்பது "குடித்தால் என்ன" என்ற பக்கம் மட்டும்தான். அவர் மனத்துக்குள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நல்ல பக்கத்தை நீங்களே பேசித் தீர்த்துவிட்டால், அவர் வாயால் அதைச் சொல்லும் வாய்ப்பே வராது. மனிதன் அடுத்தவர் சொல்லிக் கேட்டதை எளிதில் மறப்பான். தன் வாயால் தானே சொன்னதை மறப்பது கடினம்.

பயமுறுத்துவதைப் பற்றியும் கேட்பீர்கள். பயம் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் மட்டும் போதாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தால் குழு 1965இல் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தது. டெட்டனஸ் நோயைப் பற்றி நடுங்க வைக்கிற படங்களோடு ஒரு கையேட்டைச் சிலருக்கும், சாதாரணமான கையேட்டைச் சிலருக்கும் கொடுத்தார்கள். பயந்தவர்கள் "கட்டாயம் ஊசி போட்டுக்கொள்வேன்" என்று அதிகமாகச் சொன்னார்கள். போட்டுக்கொள்ளப் போனவர்கள் சுமார் 3 சதவீதம்தான். இன்னொரு பகுதியினருக்குக் கூடவே சுகாதார மையத்தைக் குறித்துக் காட்டும் வரைபடம் ஒன்றையும் கொடுத்து, உங்கள் வாரத்தில் எந்த நேரம் அங்கே போகலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். அதிகமாகப் பயமுறுத்தினார்களா, குறைவாகப் பயமுறுத்தினார்களா என்பதால் போனவர்கள் எண்ணிக்கை மாறவில்லை. வழி தெரியாத பயம் மனிதனை முடக்கிப்போடும். உங்கள் கணவருக்குக் கல்லீரலைப் பற்றி யாரும் இனிமேல் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பயத்தை மறக்கத்தான் அவர் குடிக்கவே செய்கிறார் என்று கூட எனக்குத் தோன்றுகிறது.

வேலந்தாவளம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், நான்கைந்து மாடு வைத்திருப்பவர், எப்படி மனம் திரும்பினார் என்று சொல்கிறேன். பாலைப் பால் சொசைட்டிக்கு ஊற்றுவார். இரவெல்லாம் குடித்தவருக்கு விடிகாலையில் கை நடுங்கும், தெரியுமல்லவா? ஒரு நாள் அளக்கிற பாத்திரத்தில் ஊற்றும்போது கேன் ஆடி, பால் மேஜையெல்லாம் சிந்திவிட்டது. வரிசையில் நின்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கணக்கு எழுதும் பெண் அவர் மகளோடு படித்தவள். நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். ஒரு கையைக் கேனுக்கு அடியிலும் ஒரு கையை விளிம்பிலும் கொடுத்து, மீதிப் பாலை ஊற்றினாள். துணியால் மேஜையைத் துடைத்தாள். "மாமா, சீட்டு" என்று எழுதி நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அவர் என்னிடம் சொன்னது: "குடி கெட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்ததா என்று கேட்டுவிடாதீர்கள். அது பத்து வருடமாகத் தெரியும். அந்தக் குழந்தை என் கேனைப் பிடிக்கும்படி ஆகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

கல்லீரல், ஆயுள், பணம் எதுவும் இதில் வரவில்லை. தன் கேனைத் தானே தூக்குகிறவன் என்று தன்னைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணத்துக்கும், மேஜையில் சிந்திய பாலுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவரே கண்டுகொண்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால், அவர் மனம் அவளோடு சண்டை போடப் போயிருக்கும், தன்னைப் பார்த்திருக்காது. அவர் மனைவியும் சொசைட்டியில் நடந்ததைக் கேள்விப்பட்டார். "பார்த்தீர்களா, ஊரே சிரிக்கிறது" என்று அவர் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடுத்த வாரம் அவராகவே வந்து மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டார். அதன் பிறகும் சறுக்கினார், எழுந்தார். ஆனால் காரணம் அவருடையதாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் திரும்பி வர ஓர் இடம் இருந்தது.

உங்கள் கணவருடைய காரணம் என்ன என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மகள் என்று நீங்கள் நினைக்கலாம், வண்டி லைசென்ஸாக இருக்கலாம், அவருடைய அப்பா அவரைச் சாமி என்று அழைத்த குரலாகக் கூட இருக்கலாம். அதை அவர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் வேலை. மில்லர் 1983இல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்த உரையாடல் முறை முழுவதும் இதற்காகத்தான். பயிற்சி பெற்றவர்கள் செய்வது என்றாலும் அதில் ஒரு கேள்வியை வீட்டிலும் கேட்கலாம். குடித்திருக்கும்போது வேண்டாம், அப்போது பேசுகிற எதுவும் வீண். காலையில், அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரம் நல்லது. முகத்துக்கு முகம் பார்க்காமல், கை ஒரு வேலையில் இருக்கும்போது ஆண்கள் கொஞ்சம் பேசுவார்கள்.

"குடியைக் குறைக்க வேண்டும் என்று உங்களுக்குப் பத்துக்கு எத்தனை தோன்றுகிறது?" என்று கேளுங்கள். மூன்று என்பார். உடனே "மூன்றுதானா?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். "ஏன் மூன்று? ஒன்று என்று சொல்லியிருக்கலாமே?" என்று கேளுங்கள். "மூன்றுதானா?" என்று கேட்டால் அவர் குடிக்க வேண்டிய காரணங்களை அடுக்குவார். "ஏன் மூன்று?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் விட வேண்டிய காரணத்தைத்தான் அவர் தேடியாக வேண்டும். "காலையில் பிரேக்கில் கால் வைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது" என்று ஏதாவது சொல்லக்கூடும். அதைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்துவிட வேண்டாம். "ஒரு மாதிரி என்றால்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சொல்லச் சொல்லக் கேளுங்கள். அன்றைக்கு அது போதும். போன கார்த்திகையைப் பற்றியும் கேளுங்கள்: "அந்த 41 நாளில் உங்களுக்கு எது பிடித்திருந்தது?" இதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லோரும் 42ஆம் நாளைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள்.

காரணம் சொந்த வாயில் பிறந்தால் எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதற்கு ஆந்திரத்தில் ஓர் ஊரே சாட்சி. நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற கிராமம். எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்புகளில் பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்த பாடங்களில் ஒன்று, சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை. யாரும் அவர்களிடம் போராடு என்று சொல்லவில்லை. பாடத்தைப் படித்துவிட்டு இது நம் வீட்டுக் கதைதானே என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள். 1992இல் அவர்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தது மாநிலம் முழுவதும் பரவி, 1993இல் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டம் வரும், போகும். அந்தப் பெண்கள் தங்கள் வாயால் சொல்லிக்கொண்டதை யாரும் ரத்து செய்ய முடியாது.

இனி, சுற்றுப்புறம். இதில் நம் எல்லைப் பக்கத்தாருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகள்தான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் அனுப்புகின்றன. பொள்ளாச்சிப் பக்கத்தவர் கள்ளுக்காக மீனாட்சிபுரத்துக்கும் கோபாலபுரத்துக்கும் வருகிறார்கள். கேரளத்தில் மாதம் 1ஆம் தேதி மதுக்கடை அடைப்பு என்றால் இங்கிருந்து டாஸ்மாக் தேடி அங்கே போகிறார்கள். எந்தப் பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் திறந்திருக்கும். உங்கள் கணவருக்கோ தினமும் இரண்டு பக்கத்திலும் ஓடுகிற தொழில்.

இடம் ஒரு பழக்கத்தை எவ்வளவு தூரம் பிடித்துவைக்கிறது என்பதற்கு மருத்துவ உலகம் இன்றும் பேசுகிற ஆய்வு ஒன்று உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசே நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பி வந்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். போதைப் பொருள் அமெரிக்காவிலும் கிடைத்தது. ஆனால் அந்தக் காடு, அந்தப் பயம், அந்தக் கூட்டாளிகள், வேலையில்லாத அந்த நீண்ட நேரங்கள் எதுவும் வீட்டில் இல்லை.

ஊரை விட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. பிழைப்பு இங்கேதான். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவே வண்டி எங்கே நிற்கிறது, பையில் எவ்வளவு பணம் இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார் என்ற மூன்றையும் மாற்ற முடியும். அதையும் அவரே தீர்மானிக்க வேண்டும். முடிந்தவரை "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில். "பொள்ளாச்சியில் லோடு இறக்கியதும் பணத்தை அங்கேயே உன் கணக்கில் போட்டுவிடுவேன்." "கோபாலபுரம் வந்ததும் மகளுக்குப் போன் செய்வேன்." பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் ஆராய்ந்த முறை இது. 94 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, வெறுமனே தீர்மானம் எடுத்தவர்களைவிட இப்படித் திட்டமிட்டவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். சத்தியம் வாங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். சத்தியம் மீறப்பட்டால் மிச்சம் அவமானம் மட்டும். அந்த அவமானமே அடுத்த கிளாஸுக்குக் காரணமாகிவிடும். மகள் தலைமேல் கை வைத்த சத்தியத்தை இனி ஒருபோதும் வாங்காதீர்கள். அப்பா குடித்தால் தனக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பாரத்தை ஒரு குழந்தை சுமக்கக் கூடாது.

கூட்டத்தின் பலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தின் தெற்கு எல்லையில், நெய்யாற்றின்கரை தாலுகாவில், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 1007 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2018இல் முடிவு வெளியானது. உள்ளூர்க்காரர்களையே பயிற்றுவித்து, அவர்கள் தலைமையில் சிறு குழுக்களாகக் கூடிப் பேச வைத்தார்கள். இரண்டு வருட முடிவில் சர்க்கரை நோய் வந்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் குழுவில் இருந்தவர்களிடம் குடி குறைந்திருந்தது, காய்கறி பழம் சாப்பிடுவது கூடியிருந்தது. நோயை முன்வைத்துத் தொடங்கிய வேலை குடியைக் குறைத்தது. தன்னைப் போன்ற ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதால் வருகிற பலம் இது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935இல் தொடங்கியதும் இப்படித்தான்: குடியை விடப் போராடிய ஒருவர், அன்று குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியோடு பேசியாக வேண்டும் என்று தேடிப்போனார். இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அவர்களுடைய கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாத உருவம் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது போன்ற நிலை வந்தால் அது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போன முறை ஒன்றும் ஆகவில்லை என்பதால் இந்த முறையும் ஆகாது என்று எண்ண வேண்டாம். நிறுத்திக் குடித்து, நிறுத்திக் குடித்து வரும்போது இது கடுமையாகக் கூடும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் விரதம் என்று ஒரு வேளை மட்டும் உண்டால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். ஆகவே மாலை போடுவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, குடியைப் பற்றியும் விரதத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லி, மருந்தோடு நிறுத்த வேண்டும். கேரள அரசின் விமுக்தி என்ற போதை மீட்பு மையங்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன. குடியை விட உதவி வேண்டுமானால் 14446 என்ற தேசிய உதவி எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

"தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை வெறுப்பார்" என்று சுவரொட்டியில் வருகிற மருந்தை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். குடியோடு சேர்ந்தால் உயிரைப் பறிக்கக்கூடிய மருந்தாக அது இருக்கலாம். தெரிய வந்த நாளில் உங்கள் கைச் சோற்றின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

உங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதிப்போடு பேசுங்கள் என்றேன். அடியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. கை ஓங்கினால் 181 என்ற எண்ணுக்கு அழையுங்கள், பிறந்த வீட்டுக்குப் போங்கள். அவர் மாறுவது உங்கள் சாமர்த்தியத்தைப் பொறுத்தது என்று நான் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியாகப் பேசியும் மாறாதவர்கள் உண்டு.

இந்த வருடம் மாலை போடட்டும். ஆனால் இம்முறை நீங்கள் கவலைப்பட வேண்டியது 42ஆம் நாளைப் பற்றி. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பழம் சாப்பிடுவது, நடப்பது போன்ற எளிய புதுப் பழக்கமே தன்னியல்பாக வருவதற்கு ஏறக்குறைய 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு மண்டலத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று இடிந்துபோகவும் வேண்டாம். அன்று இரவு பேசாமல் இருங்கள். மறுநாள் காலை, "நேற்று எங்கே தொடங்கியது?" என்று மட்டும் கேளுங்கள்.

மாலை கழற்றும் நாளைக் குருசாமியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பெரும்பாலான குருசாமிகள் இந்தத் துயரத்தை அறிந்தவர்கள்தான். சனிக்கிழமை பஜனையை மார்கழிக்குப் பிறகும் தொடர முடியுமா, அதில் தபேலா வாசிக்கவோ அன்னதானத்துக்குக் காய் ஏற்றி வரவோ அவருக்கு ஒரு பொறுப்புக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். வருகிறவராக மட்டும் இருந்தால் நின்றுவிடுவார். அவர் இல்லாவிட்டால் நடக்காது என்ற ஒரு வேலை கையில் இருந்தால் வருவார். மலையிலிருந்து திரும்பும் அன்று சாயங்காலம் வீட்டில் யாரெல்லாம் இருக்க வேண்டும், என்ன சமையல், மறுநாள் விடிகாலையில் எந்தத் தோப்பில் லோடு என்பதை அவரிடமே கேட்டு, மாலை போடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மாமனாரிடம் ஒன்று மட்டும் தனியாகச் சொல்லுங்கள்: மாலை கழன்ற பிறகும் மகனைச் சாமி என்றே கூப்பிட வேண்டும். வேறு யார் சொல்லி அவர் கேட்காவிட்டாலும் அப்பா சொல்லிக் கேட்பார் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.